பல்லு புடுங்கணும், ஆனா ஹார்ட் மாத்திரை சாப்பிடுறீங்களா? எதையும் நிறுத்துறதுக்கு முன்னாடி இதைப் படிச்சுடுங்க

"டாக்டர், பல்லு புடுங்க எகோஸ்பிரின எத்தனை நாள் முன்னாடி நிறுத்தணும்?" கிளினிக்குக்கு வர்ற போன்ல அடிக்கடி வர்ற கேள்வி இதுதான் (எகோஸ்பிரின்னா ரத்தக்கட்டி படியாம இருக்க ஹார்ட் பேஷண்ட் சாப்பிடுற ஆஸ்பிரின் மாத்திரை). கேக்குறவங்களாவது பரவால்ல, நிறைய பேர் கேக்காமலே அவங்களாவே அஞ்சு நாள் நிறுத்திட்டு வந்து உக்காந்து "எல்லாம் நிறுத்திட்டேன் சார், தைரியமா புடுங்குங்க"ன்னு பெருமையா சொல்லுவாங்க, எனக்கு அப்போதான் பயமே வரும். பதில் ரொம்ப சின்னது, பெரும்பாலும் ஒரு நாள்கூட நிறுத்த வேணாம். ஏன் வேணாம்னு புரிஞ்சுட்டா மத்ததும் தானா புரிய ஆரம்பிக்கும்.

முதல்ல நாங்க எப்படி யோசிக்கிறோம்னு சொல்லிடுறேன். சுகர், பிரஷர், ஹார்ட்ல ஸ்டென்ட், வால்வு ஆபரேஷன், டயாலிசிஸ், கேன்சர் வைத்தியம், எலும்புத் தேய்மானத்துக்கு ஊசின்னு ஏதாவது ஒண்ணோ இல்ல நாலும் சேர்ந்தோ இருக்குறவங்க வந்தா, பல்லப் பாக்குறதுக்கு முன்னாடி எங்க மண்டைக்குள்ள ஓடுறது இதுதான்: ரத்தம் நிக்குமா, புண் ஆறுமா, வாயில இருக்குற கிருமி ரத்தத்துல போய் வேற எங்கயாவது உக்காந்துடுமா, இந்த முக்கா மணி நேர டென்ஷன இந்த உடம்பு தாங்குமா. இன்னொண்ணும் இருக்கு, அதைத்தான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க, வீட்டுக்கு எழுதிக் குடுக்குற மாத்திரை ஏற்கனவே சாப்பிடுற மாத்திரையோட ஒத்துப்போகுமா. மத்தபடி அதே பல்லு, அதே கொறடு, அதே ஊசிதான், முன்னாடி பண்ற ஏற்பாடும் பின்னாடி பாத்துக்குறதும்தான் மாறும்.

சரி, ரத்தம். எகோஸ்பிரின், க்ளோபிடோக்ரல் மாதிரி மாத்திரைங்க ரத்தத்துல இருக்குற தட்டணுக்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்காம பாத்துக்கும். ஸ்டென்ட் வெச்சவங்களுக்கு இது உயிர் போற விஷயம், ஏன்னா ஸ்டென்ட்ங்குறது உலோக வலை, அது மேல ரத்தக்குழாயோட உள்தோல் வளர்ந்து மூடுற வரைக்கும் அந்த உலோகம் ரத்தத்துக்கு அந்நியப் பொருள்தான், ரத்தக்கட்டி படிய ரெடியா இருக்கும். அதனாலதான் ஸ்டென்ட் வெச்ச முதல் சில மாசம், பல பேருக்கு ஒரு வருஷம் வரைக்கும், ரெண்டு மாத்திரையும் சேத்துக் குடுக்குறாங்க. அந்த நேரத்துல ஒரு கடவாப்பல்லுக்காக ரெண்டையும் நிறுத்துனா ஸ்டென்டே அடைச்சு அட்டாக் வர வாய்ப்பு இருக்கு. அவசரமில்லாத பல் வேலைன்னா வேலையத்தான் தள்ளிப் போடணும், மாத்திரைய இல்ல. அவசரம்னா மாத்திரையோடவே எடுப்போம், கொஞ்சம் கூடுதலா ரத்தம் கசியும், அவ்வளவுதான். பல்லு எடுத்த குழி வாய்க்குள்ள கண்ணுக்கு எதிர்ல இருக்கு, பஞ்சு வெச்சு அழுத்தலாம், தையல் போடலாம், மருந்து வெக்கலாம். மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல போய் மாட்டுன கட்டிய அப்படி எதுவும் பண்ண முடியாது. நிறுத்துறதா வேணாமாங்குற மொத்த விவாதமும் இந்த ஒரு வித்தியாசத்துலதான் நிக்குது.

அடுத்தது அசிட்ரோம், வார்ஃபரின் குரூப். வால்வு மாத்துனவங்க, இதயம் தாறுமாறா துடிக்கிறவங்க, கால் ரத்தக்குழாய்ல கட்டி வந்தவங்க சாப்பிடுறது. இது கல்லீரல்ல உறைவுப் பொருள் தயாராகுறதையே கொறைக்கும், அதனால இதுக்குன்னு தனியா ஐஎன்ஆர்னு ஒரு டெஸ்ட், நம்பர் ஏற ஏற ரத்தம் உறைய லேட்டாகும்னு அர்த்தம். சாதாரண ஆளுக்கு அது 1 பக்கத்துல இருக்கும், உலோக வால்வு வெச்சவங்களுக்கு எந்த வால்வுங்குறத பொறுத்து 2-ல இருந்து 3.5 வரைக்கும் வேணும்னே ஏத்தி வெப்பாங்க. பிரிட்டன்ல பல் டாக்டருங்க பின்பத்துற வழிகாட்டுதல்ல ஐஎன்ஆர் 4-க்குக் கீழ இருந்தா மாத்திரைய நிறுத்தாமலே பல் எடுக்கலாம்னு இருக்கு, இங்க சிலர் 3.5-லயே கோடு போட்டுக்குவாங்க, அது அவங்கவங்க அனுபவம். முக்கியமானது அந்த டெஸ்ட் சீட்டு எப்போ எடுத்ததுங்குறதுதான். போன மாசம் எடுத்த ரிப்போர்ட்ட பிளாஸ்டிக் கவர்ல பத்திரமா கொண்டு வருவாங்க, அதுக்குள்ள கீரை சாப்பிட்டிருப்பாங்க, ஆன்டிபயாடிக் போட்டிருப்பாங்க, ஒரு டோஸ் மறந்திருப்பாங்க, நம்பர் எங்கயோ போயிருக்கும். பல் எடுக்குறதுக்கு முந்தின 24 மணி நேரத்துக்குள்ள எடுத்தது வேணும், ரொம்ப நாளா நிலையா இருக்குறவங்கன்னா 72 மணி நேரம் வரைக்கும் ஒத்துக்கலாம்.

நிஜத்துல எப்படி நடக்கும்னு ஒரு ஆள வெச்சே சொல்றேன். அம்பது வயசு அம்மா, சின்ன வயசுல வந்த ருமாட்டிக் காய்ச்சலால மிட்ரல்ங்குற இதய வால்வு கெட்டுப்போய் உலோக வால்வு வெச்சவங்க (நம்ம பக்கம் நிறைய பேருக்கு திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா இன்ஸ்டிடியூட்ல உருவான சித்ரா வால்வு இருக்கும், 1990-ல இருந்து வெக்கிறாங்க). கீழ் கடவாப்பல்லு ரெண்டு போயிடுச்சு, ரெண்டையும் ஒரே நாள்ல எடுத்துருங்கன்னு பையன் கேக்குறாரு, பஸ் செலவு மிச்சம்னு. முதல் தடவை நான் ஒண்ணுதான் எடுப்பேன், எவ்வளவு கசியுதுன்னு பாத்துட்டுதான் அடுத்தது. காலையிலயே வரச் சொல்லுவேன், வார ஆரம்பத்துல, ஏன்னா சனிக்கிழமை சாயங்காலம் எடுத்து ராத்திரி கசிஞ்சா ஞாயித்துக்கிழமை யார் பாக்குறது. முந்தின நாள் ஐஎன்ஆர் 2.8, நல்லது. ஊசிய நரம்பு இருக்குற ஆழமான இடத்துல போடாம முடிஞ்ச வரைக்கும் பல்லு பக்கத்துலயே போடுறது, அப்புறம் சதைய கிழிக்காம மெதுவா அசைச்சு எடுக்குறது, குழிய நல்லா சுரண்டி சீழ்ச்சதை மிச்சமில்லாம பண்ணுறது, ஏன்னா வீங்குன சதை விட்டுட்டா அதுதான் கசிஞ்சுக்கிட்டே இருக்கும். குழிக்குள்ள ஜெலட்டின் ஸ்பான்ஜ் ஒரு துண்டு, மேல எட்டு மாதிரி ஒரு தையல், அதுக்கு மேல ரத்தக்கசிவ நிறுத்துற டிரானெக்ஸாமிக் ஆசிட் மருந்துல நனைச்ச காஸ் துணி, அரை மணி நேரம் கடிச்சுக்கிட்டு வெளிய பெஞ்சுல உக்காரணும். அரை மணி கழிச்சு நான் பாத்து சரின்னு சொன்ன பிறகுதான் பஸ் ஸ்டாண்டு. இவ்வளவுதான் வித்தை. அன்னிக்கு ராத்திரி அசிட்ரோம் வழக்கம் போல.

ரத்தம் உறையாம பாத்துக்குற மாத்திரையிலயே இப்போ புதுசா டாபிகாட்ரான், அபிக்ஸபான், ரிவரோக்ஸபான்னு வந்திருக்கு, இதுக்கு ஐஎன்ஆர் பாத்து ஒண்ணும் தெரியாது. ஒரு பல்லு எடுக்க எதையும் மாத்த வேணாம், நிறைய பல்லு ஒரே நாள்ல எடுக்குற மாதிரி இருந்தா அன்னிக்குக் காலை டோஸ விடுறதோ தள்ளிப் போடுறதோ உண்டு, அத உங்க ஹார்ட் டாக்டரும் பல் டாக்டரும் பேசி முடிவு பண்ணணும், வாட்ஸாப்ல வந்த மெசேஜ் முடிவு பண்ணக் கூடாது.

நான் மேல சொன்ன அஞ்சாவது கேள்வி இங்கதான் வந்து கடிக்கும். நம்ம ஊர்ல பல்லு எடுத்தா கண்ண மூடிக்கிட்டு எழுதுற சீட்டு என்ன? அமாக்ஸிசிலின், மெட்ரோனிடசோல்னு ரெண்டு ஆன்டிபயாடிக், கூட டைக்ளோஃபெனாக்கோ அசெக்ளோஃபெனாக்கோ சேந்த வலி மாத்திரை. அசிட்ரோம் சாப்பிடுறவங்களுக்கு மெட்ரோனிடசோல் குடுத்தா அந்த அசிட்ரோம் உடம்புல கழியாம தேங்கும், மூணு நாலு நாள்ல ஐஎன்ஆர் எகிறிடும், பல்லு எடுத்தப்போ பேசாம இருந்த குழி அஞ்சாவது நாள் கசிய ஆரம்பிக்கும், சில பேருக்கு மூத்திரத்துல, வயித்துல ரத்தம் வரும். எல்லாரும் "பல்லு புடுங்குனதால வந்துச்சு"ன்னு சொல்லுவாங்க, உண்மையில சீட்டால வந்தது. பல்செட்டுக்கு அடியில பூஞ்சை வந்தா தடவ குடுக்குற மைக்கோனசோல் ஜெல் இருக்கே, தடவுறதுதானேன்னு நெனைப்போம், அதுவும் இதே வேலையப் பண்ணும். வலிக்கு இவங்களுக்கு பாரசிட்டமால்தான் முதல் சாய்ஸ். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகையறா வேணாம், அது வயித்தையும் புண்ணாக்கும், ரத்தத்தையும் இன்னும் இளக்கும்.

வால்வு பத்தி பேசுனதால கிருமி விஷயத்தையும் இங்கயே முடிச்சுடலாம். பல்லு எடுக்கும்போது, ஈறு சுத்தம் பண்ணும்போது வாயில இருக்குற பாக்டீரியா கொஞ்ச நேரம் ரத்தத்துல சுத்தும். நல்ல இதயம்னா உடம்பே துடைச்சுப் போட்டுடும். செயற்கை வால்வு இருந்தா அது அங்க ஒட்டி வளர்ந்து எண்டோகார்டைட்டிஸ்னு இதயத்துக்குள்ள தொற்று வர்ற பெரிய வியாதியாகலாம். அதைத் தடுக்கத்தான் ஒரு மணி நேரம் முன்னாடி 2 கிராம் அமாக்ஸிசிலின் ஒரே டோஸா குடுக்குறது. முன்னாடி இதயத்துல லேசா ஓட்டை, வால்வுல லேசா லீக், பழைய ருமாட்டிக் வால்வுன்னு எல்லாருக்கும் குடுத்துக்கிட்டு இருந்தாங்க. 2007-ல அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் அந்த லிஸ்ட்ட நல்லா சுருக்கிடுச்சு: செயற்கை வால்வு வெச்சவங்க, ஏற்கனவே ஒரு தடவை எண்டோகார்டைட்டிஸ் வந்தவங்க, சில வகை பிறவி இதயக் கோளாறு இருக்குறவங்க, இதய மாற்று பண்ணி அதுல வால்வு கெட்டவங்க, அவ்வளவுதான். 2008-ல பிரிட்டன் இன்னும் ஒரு படி மேல போய் யாருக்குமே வேணாம்னு சொல்லுச்சு, அப்புறம் 2016-ல "வழக்கமா வேணாம்"னு வார்த்தைய கொஞ்சம் தளர்த்துனாங்க. ஏன் சுருக்குனாங்கன்னா, தினமும் பல்லு தேய்க்கும்போதும் மெல்லும்போதும்கூட பாக்டீரியா ரத்தத்துக்குள்ள போகுது, ஈறு வீங்கி ரத்தம் கசியிற வாய்ல அது இன்னும் அதிகம். வருஷத்துக்கு ஒரு தடவை போடுற ஒரு டோஸ விட தினசரி சுத்தமா இருக்குற வாய்தான் வால்வ அதிகமா காப்பாத்துது. 

ருமாட்டிக் இதயம் இருக்குறவங்க மூணு வாரத்துக்கு ஒரு தடவை இடுப்புல பென்சிலின் ஊசி போட்டுக்கிட்டு இருப்பாங்க, "அதான் ஊசி போடுறேனே, தனியா எதுக்கு"ன்னு கேப்பாங்க. அந்த ஊசி காய்ச்சல் திரும்ப வராம இருக்க, பல்லுக்கு அது பத்தாது, அதோட வாயில இருக்குற கிருமிங்க பென்சிலினுக்குப் பழகிப் போயிருக்கும், அதனால வால்வு மாத்துனவங்களா இருந்தா அவங்களுக்கு அதே பென்சிலின் குடும்பத்து அமாக்ஸிசிலின் இல்லாம அசித்ரோமைசின் மாதிரி வேற வகை குடுக்கணும். பென்சிலின் ஒத்துக்காதவங்களுக்கும் அதே. கிளிண்டாமைசின் முன்னாடி குடுப்பாங்க, 2021-க்கு அப்புறம் அதைக் கைவிட்டுட்டாங்க, வயித்துப்போக்கு பிரச்சனை பெருசா வருதுன்னு.

பிரஷர், ஹார்ட் பேஷண்ட் பத்தி ஊருக்குள்ள ஒரு கதை சுத்துது, "மரத்துப்போற ஊசில அட்ரினலின் இருக்கு, ஹார்ட் நின்னுடும்". எங்க பக்கம் ஊசில லிக்னோகெய்ன் 2 சதவீதம், கூட 80,000-ல 1 பங்கு அட்ரினலின் இருக்கும், உண்மைதான். அது எதுக்குன்னா ரத்தக்குழாய சுருக்கி மருந்து அங்கயே நிக்கிறதுக்கு. அது இல்லாத வெறும் லிக்னோகெய்ன் போட்டா சீக்கிரம் இறங்கிடும், பாதியில வலி வரும், வலியில உடம்பு தானா கொட்டுற அட்ரினலின் நான் ஊசில போடுறத விடப் பல மடங்கு. அதனால ஹார்ட் பேஷண்டுக்கும் அட்ரினலின் ஊசி போடலாம், மொத்த அளவு 0.04 மில்லிகிராமுக்குள்ள, அதாவது இந்த மருந்துல 3 மில்லி சுமாருக்கு நிறுத்திக்கணும், ரத்தக்குழாய்க்குள்ள போகலியேன்னு பின்னாடி இழுத்துப் பாத்து, மெதுவா ஏத்தணும். பிரஷர் 180/110 தாண்டி இருந்தா அவசரமில்லாத வேலைய அன்னிக்குப் பண்ண மாட்டோம். ஆனா ஒரு தடவை பாத்துட்டு திருப்பி அனுப்பிடக் கூடாது, மாடிப்படி ஏறி வந்து, டிரில்லு சத்தம் கேட்டுக்கிட்டே பத்து பேருக்கு நடுவுல உக்காந்தவங்களுக்கு பிரஷர் ஏறாம என்ன பண்ணும், பத்து நிமிஷம் உக்கார வெச்சு திரும்பப் பாக்கணும். அன்னிக்குக் காலையில பிரஷர் மாத்திரை போட்டீங்களான்னு கேட்டா "ஊசி போடுவீங்கன்னு போடல"ன்னு பாதிப் பேர் சொல்லுவாங்க, கேஸ் அங்கயே முடிஞ்சுது. புதுசா அட்டாக் வந்தவங்களுக்கு முதல் சில வாரம் வலி, சீழ் மாதிரி அவசரம் மட்டும்தான், அதுவும் இதய டாக்டர் இருக்குற ஆஸ்பத்திரில. நெஞ்சு வலிச்சா நாக்குக்கடியில வெக்கிற சார்பிட்ரேட் மாத்திரை பழக்கம் உள்ளவங்க அத சட்டைப் பைல வெச்சுக்கிட்டு வாங்க, வீட்டு ஃபிரிட்ஜ் மேல இருந்தா யாருக்கும் உபயோகமில்ல. அம்லோடிபின்ங்குற பிரஷர் மாத்திரை சாப்பிடுற சிலருக்கு ஈறு தடிச்சு பல்ல மூடிக்கிட்டு வரும், அதுக்கும் நீங்களா நிறுத்தாதீங்க, மாத்தித் தர வேற மாத்திரை இருக்கு.

சுகர்காரங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள், சாப்பிட்டுட்டு வாங்க. ரத்த டெஸ்ட் மாதிரி வெறும் வயித்துல வரணும்னு யார் சொல்லிக்குடுத்தாங்களோ தெரியல, இன்சுலின போட்டுட்டு இட்லிய விட்டுட்டு வந்து பதினோரு மணி வரைக்கும் வரிசையில காத்துக்கிட்டு இருப்பாங்க. நாற்காலில படுத்ததும் வேர்க்கும், கை நடுங்கும், பேச்சு கொஞ்சம் சம்பந்தமில்லாம வரும், பாக்குறவங்க பயத்துலன்னு நெனைச்சுக்குவாங்க. 70-க்குக் கீழ இறங்குன சுகர் அது. நினைவு இருந்தா உடனே குளுக்கோஸோ சக்கரைத் தண்ணியோ, நினைவு இல்லன்னா வாயில எதையும் ஊத்தக் கூடாது, ஊசியாத்தான் ஏத்தணும். அதனாலதான் நாங்க காலையில முதல் ஆளா வரச் சொல்றது, விரல்ல ஒரு சொட்டு எடுத்துப் பாக்குறது எல்லாம்.

அதே சமயம் சுகர் 300 இருக்கு, கொறைஞ்ச பிறகு வாங்கன்னு அனுப்புறதும் எல்லா நேரத்துலயும் சரியில்ல. புதுப்பல்லு கட்டுறது, இம்பிளான்ட் போடுறதுன்னா காத்திருக்கலாம். கன்னம் வீங்கி சீழ் கட்டியிருக்குன்னா அந்த சீழே சுகர ஏத்தி வெச்சுக்கிட்டு இருக்கும், அத வெளிய எடுத்தாத்தான் சுகரே இறங்கும், ரெண்டு நாள் தள்ளிப்போட்டா வீக்கம் தாடைக்கடியில இறங்கி மூச்சுக்குழாய அழுத்துற அளவுக்குப் போகும். இந்த மாதிரி ஆளுங்கள கிளினிக்ல வெச்சுக்காம ஆஸ்பத்திரில சேத்து இன்சுலினும் ஏத்தி சீழும் எடுக்கணும். 2021-ல கொரோனா ரெண்டாவது அலை அப்போ கரும்பூஞ்சைன்னு ஒண்ணு பாத்தோமே, சுகர் எகிறுனவங்க, ஸ்டீராய்டு ஏத்துனவங்க, அதுல சில பேர் முதல்ல வந்ததே பல் டாக்டர் கிட்டதான், மேல் பல்லு திடீர்னு ஆடுது, அண்ணத்துல நிறம் மாறுதுன்னு. அந்த வருஷம் மே மாசம் தமிழ்நாட்டுல அத அறிவிக்க வேண்டிய நோய்னு சேத்தாங்க.

கிட்னி. டயாலிசிஸ் பண்றவங்க டயாலிசிஸ் அன்னிக்கு வராதீங்க, அதுல ரத்தம் உறையாம இருக்க ஹெப்பாரின்ங்குற மருந்து ஓடியிருக்கும், உடம்பும் களைச்சிருக்கும், மறுநாள் வாங்க. பிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்ங்கள இணைச்சது) வெச்ச கையில பிரஷர் பட்டி கட்ட விடாதீங்க, நாங்க மறந்தாலும் நீங்க சொல்லுங்க. இதுல எனக்கு நிஜமாவே கோவம் வர்ற இடம் மெடிக்கல் ஷாப். பல்வலிக்கு ரெண்டு மாத்திரை குடுங்கன்னா உங்களுக்கு கிட்னி எப்படின்னு யாரும் கேக்குறதில்ல, கவர்ல போட்டுக் குடுத்துடுறாங்க, மிச்சம் இருந்த கொஞ்ச கிட்னியும் அதுல அடி வாங்குது. கிரியேட்டினின் ஏறுனவங்களுக்கு, அதாவது கிட்னி வேலை கொறைஞ்சவங்களுக்கு, பாரசிட்டமால் தவிர வலி மாத்திரை வேணாம், ஆன்டிபயாடிக் டோஸும் கொறைக்க வேண்டியிருக்கும். கிட்னி மாத்துனவங்கன்னா புது கிட்னிய உடம்பு எதிர்க்காம இருக்க டாக்ரோலிமஸ் மாத்திரை இருக்கும், அதோட கிளாரித்ரோமைசின் ஆன்டிபயாடிக்கோ ஃபுளுகோனசோல் பூஞ்சை மாத்திரையோ சேந்தா ரத்தத்துல அதோட அளவு தாறுமாறா ஏறிடும்.

எலும்பு விஷயம் கொஞ்சம் விளக்கமா சொல்லணும், ஏன்னா இது ஜனங்களுக்குத் தெரியவே தெரியாது. எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரையா அலென்ட்ரோனேட், இல்ல வருஷத்துக்கு ஒரு டிரிப்ஸா சோலெட்ரானிக் ஆசிட் குடுப்பாங்க, மார்பக கேன்சர், புராஸ்டேட் கேன்சர் எலும்புக்குப் பரவுனவங்களுக்கு இதையே மாசா மாசம். டெனோசுமாப்னு தோலுக்கடியில போடுற ஊசியும் உண்டு. இதெல்லாம் எலும்ப அரிக்கிற செல்ல அடக்கி வெக்கும், நல்லதுதான், ஆனா பல்லு எடுத்த குழி ஆறணும்னா பழைய எலும்பு அரிஞ்சு புது எலும்பு வரணும், அந்த வேலையே நின்னுடும். சில பேருக்கு குழி மூடாம தாடை எலும்பு வெளிய தெரிய ஆரம்பிச்சு மாசக்கணக்கா அப்படியே நிக்கும். 2003-ல ராபர்ட் மார்க்ஸ்ங்குற அமெரிக்க வாய் அறுவை டாக்டர் இத முதல்ல எழுதுனாரு. ஆனா இதே மாதிரி தாடை அழுகுறத பத்தொன்பதாம் நூற்றாண்டுலயே பாத்திருக்காங்க, லண்டன் தீப்பெட்டி கம்பெனிகள்ல வெள்ளை பாஸ்பரஸ் புகைய சுவாசிச்ச பொண்ணுங்களுக்கு வந்தது, அந்த பாஸ்பரஸ 1906 பெர்ன் ஒப்பந்தத்துல தடை பண்ண ஆரம்பிச்சாங்க. அலென்ட்ரோனேட், சோலெட்ரானிக் ஆசிட்லயும் பாஸ்பரஸ் இருக்கு, நூறு வருஷம் கழிச்சு பாஸ்பரஸ் வேற ரூபத்துல மருந்தா வந்து அதே தாடையத் தொட்டது விசித்திரம்தான்.

பயப்பட வேணாம், தேய்மானத்துக்கு மாத்திரை சாப்பிடுறவங்கள்ல இது ரொம்ப ரொம்ப அபூர்வம், கேன்சருக்கு ஊசி ஏத்துறவங்களுக்குத்தான் வாய்ப்பு கணிசமா கூடுது. இத மாத்திரைய நிறுத்தியும் தப்பிக்க முடியாது, அந்த மருந்து எலும்புல வருஷக்கணக்கா தங்கும். (டெனோசுமாப் அப்படித் தங்காது, ஆனா அத சடார்னு நிறுத்துனா முதுகெலும்பு நொறுங்குற ஆபத்து இருக்கு, அதனால அதையும் தொடாதீங்க.) வழி ஒண்ணுதான், முதல் ஊசி போடுறதுக்கு முன்னாடி பல் டாக்டர்ட்ட ஒரு தடவை வாயக் காட்டிட்டு, போற பல்ல எடுத்து, குழி ஆறுன பிறகு ஊசி. ஊசி ஆரம்பிச்சுட்டீங்கன்னா முடிஞ்ச வரைக்கும் பல்ல எடுக்காம வேர் சிகிச்சை பண்ணியாவது காப்பாத்தப் பாப்போம்.

வாய் கேன்சருக்கு கரன்ட் (கதிர்வீச்சு) வெச்சவங்க கதையும் இதுக்குப் பக்கத்துலதான் வரும். புகையிலை, பாக்கு உபயத்துல நம்ம நாட்டுல வாய் கேன்சர் அதிகம், அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் மாதிரி இடங்கள்ல கதிர்வீச்சு வைத்தியம் நடக்குது. கதிர் பட்ட தாடை எலும்புல சின்னச் சின்ன ரத்தக்குழாய் எல்லாம் அடைஞ்சு போயிடும், அந்த இடத்துல அஞ்சு வருஷம் கழிச்சு பல்லு எடுத்தாலும் புண் ஆறாம எலும்பு செத்துப்போகலாம், இந்த ஆபத்துக்கு எக்ஸ்பயரி டேட்டே கிடையாது. அதனால கரன்ட் ஆரம்பிக்குறதுக்கு ரெண்டு வாரமாவது முன்னாடி தேறாத பல்ல எல்லாம் எடுத்துடணும். நல்லா இருக்குற பல்லையும் ஏன் எடுக்குறீங்கன்னு சொந்தக்காரங்க சண்டைக்கு வருவாங்க, ஆனா எச்சில் சுரப்பி காஞ்சு போன வாயில அந்தப் பல்லு எத்தனை நாள் தாங்கும்னு பாத்துத்தான் எடுக்குறது. கரன்ட் முடிஞ்சவங்க வீட்டுல தினமும் ஃபுளூரைடு வெக்கணும், அடிக்கடி தண்ணி குடிக்கணும், வருஷம் பல ஆனாலும் எந்தப் பல் டாக்டர்ட்ட போனாலும் "கழுத்துல கரன்ட் வெச்சிருக்கேன்"னு முதல் வாக்கியமா சொல்லணும்.

இப்போ லெட்டர் பத்தி. பல் டாக்டர் "உங்க ஹார்ட் டாக்டர்ட்ட ஃபிட்னஸ் வாங்கிட்டு வாங்க"ன்னு அனுப்புவாரு, அங்க ரெண்டு மணி நேரம் காத்திருந்தா ஒரு துண்டுச் சீட்டுல "பல் சிகிச்சைக்குத் தகுதியானவர்"னு ஒரு வரி வரும். அந்த வரியால எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. குத்தம் எழுதுனவர் மேல மட்டும் இல்ல, கேட்டவர் என்ன கேட்டாருங்குறதுதான் விஷயம். கேக்கும்போதே இந்த பேஷண்டுக்கு மரத்துப்போற ஊசில ஒரு பல்லு எடுக்கப் போறேன், இவ்வளவு ரத்தம் எதிர்பாக்குறேன், மாத்திரைய நிறுத்தப் போறதில்ல, இவருக்கு ஸ்டென்ட் எந்த மாசம் வெச்சது, கடைசி ஐஎன்ஆர் என்ன, இதயம் பம்ப் பண்ற அளவு எவ்வளவு, உங்களுக்கு ஆட்சேபம் இருக்கான்னு எழுதணும். இல்லன்னா அவரும் பல்லு எடுக்குறதுன்னா ஏதோ பெரிய ஆபரேஷன்னு நெனைச்சு "அஞ்சு நாள் நிறுத்தவும்"னு பழக்கத்துல எழுதிடுவாரு, அத வெச்சுக்கிட்டு நாங்க ரெண்டு பேரும் பேஷண்ட நடுவுல நிக்க வெச்சு போன்ல பேசிக்கிட்டு இருப்போம். உங்களுக்குக் குடுத்த லெட்டர்ல "ஃபிட்னஸ் தேவை"ன்னு மட்டும் இருந்தா, என்ன கேக்குறீங்கன்னு கொஞ்சம் விவரமா எழுதித் தாங்கன்னு தாராளமா கேளுங்க, யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

பேஷண்ட் பக்கத்துல இருந்து வேண்டியது மாத்திரைங்கதான். "ஒரு வெள்ளை மாத்திரை, ஒரு ரோஸ், ராத்திரிக்கு பாதி மஞ்சள்"னு சொன்னா எங்களுக்கு ஒண்ணும் புரியாது. 2021-ல இருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் மாத்திரை தர்றாங்க, நல்ல விஷயம், ஆனா பட்டையக் கத்தரிச்சு டப்பால போட்டு வெச்சுட்டு பேர் இருக்குற பாதிய தூக்கிப் போட்டுடுறாங்க. பேர் இருக்குற பட்டையோட ஒரு போட்டோ எடுத்து போன்ல வெச்சுக்குங்க, டிஸ்சார்ஜ் சம்மரிய ஒரு போட்டோ. ஊர்ல இருக்குற அப்பா அம்மாவுக்கு நீங்களே எடுத்து அனுப்பி வைங்க. நாட்டு மருந்து, ஹோமியோபதி, வெளிநாட்டுல இருந்து வந்த சத்து மாத்திரைன்னா அதையும் சொல்லுங்க, திட்ட மாட்டோம். வருஷத்துக்கு ஒரு தடவை போடுற எலும்பு ஊசிய யாருமே மாத்திரை கணக்குல சேக்குறதில்ல, அத தனியா ஞாபகம் வெச்சுக்குங்க.

எல்லா கேஸையும் தெருமுனை கிளினிக்ல பாக்க முடியாது, பாக்கவும் கூடாது. ஹீமோபிலியா (பிறவியிலயே ரத்தம் சரியா உறையாத வியாதி) இருக்குற பையனுக்கு பல்லு எடுக்கணும்னா முன்னாடியே ஃபேக்டர்ங்குற உறைவுப் பொருள ஏத்தணும், கீழ் தாடைக்கு நரம்பு ஊசி போடுறதுகூட ஃபேக்டர் இல்லாம ஆபத்து, உள்ளுக்குள்ள ரத்தம் கட்டி தொண்டைய அடைக்கும். கீமோ நடந்துக்கிட்டு இருக்குறவங்களுக்கு வெள்ளை அணு, தட்டணு ரெண்டும் பாக்கணும், தட்டணு 50,000-க்குக் கீழன்னா தொட யோசிப்போம். கல்லீரல் சுருங்கிப் போனவங்களுக்கும் ரத்தம் உறையுறது சந்தேகம்தான். இவங்களுக்கு அரசு பல் மருத்துவக் கல்லூரியோ, பல் பிரிவும் பொது மருத்துவமும் ஒரே வளாகத்துல இருக்குற பெரிய ஆஸ்பத்திரியோதான் சரி. உங்க டாக்டர் "இத நான் பண்ணல, அங்க போங்க"ன்னு சொன்னா அவருக்குத் தெரியலன்னு அர்த்தமில்ல.

கடைசியா, வீட்டுக்குப் போன பிறகு. ரத்தம் இளகுற மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு அன்னிக்கு எச்சில்ல ரோஸ் கலர் வரும், அது ரத்தம் கொட்டுறது இல்ல, எச்சிலோட கலந்தது. துப்பாதீங்க, முழுங்குங்க, துப்பத் துப்ப குழியில உறைஞ்சது பிச்சுக்கிட்டு வரும். முதல் 24 மணி நேரம் கொப்பளிக்க வேணாம், ஸ்ட்ரா வேணாம், சூடா காபி வேணாம், பீடி சிகரெட் கண்டிப்பா வேணாம். ராத்திரி கசிஞ்சா நாங்க குடுத்த காஸ ஈரமாக்கி மடிச்சு நேரா குழி மேல வெச்சு 20 நிமிஷம் கடிங்க, கடிகாரத்தப் பாத்து 20 நிமிஷம், நடுவுல எடுத்து எடுத்து நின்னுடுச்சான்னு பாக்காதீங்க. காஸ் இல்லன்னா துவைச்ச பருத்தித் துணி போதும். படுக்காம சாஞ்சு உக்காந்துக்குங்க. ரெண்டு தடவை இப்படிப் பண்ணியும் வாய் நிறைய புது ரத்தம் வந்தா விடியட்டும்னு இருக்காதீங்க, மாத்திரை போட்டோ இருக்குற போனையும் எடுத்துக்கிட்டு பக்கத்து ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போங்க, வண்டி இல்லன்னா 108. அங்க போய் முதல்ல சொல்ல வேண்டியது எந்த மாத்திரை சாப்பிடுறீங்க, கடைசி டோஸ் எத்தனை மணிக்குன்னு, அப்புறம்தான் எந்தப் பல்லுன்னு.